தரை நீங்காத விமானம்

தரையில் நின்றுகொண்டு நீந்தப் பழக முடியாது என்பர். நீரில் இறங்கி, இரண்டு மிடறு நீரையும் குடித்து, கைகால்களை அடித்த பின்னரே நீச்சல் கைவருகின்றது. சைக்கிள் ஓடப் பழகும் சிறுவனும் முழங்காலிற் காயம் படாமல் அதனைக் கற்றுக்கொள்வதில்லை. கேட்டு அறிவதற்கும் செய்து பழகுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும். ஆயின், மனிதன் மேற்கொண்ட தொழில்களுள் மிக்க இடர் நிறைந்ததெனக் கருதப்பட்ட ஒன்று இன்று இவ்விதிக்கு விலக்காக அமைந்திருக்கின்றது. பெரிய பயணிகள் விமானங்களைச் செலுத்துந் தொழிலே அது.

போதிய அனுபவமுள்ள விமானி ஒருவர் ஒருவகை விமானத்தை விட்டு வேறொரு வகை விமானத்துக்கு மாறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் நிறைந்த அப்புதிய விமானத்தை அவர் முதன்முதலாகத் தரையிலிருந்து எழுப்பும் நாளில், பக்கத்து ஆசனத்திலே பயிற்சியாசிரியர் ஒருவர் இருப்பார் என்பது உண்மை. எனினும், அவ்வகை விமானத்தை அந்நாள்வரையில் அவர் ஒருமுறையேனும் வானிற் செலுத்தியிராதவராய் இருத்தல் கூடும். இதனைப் பல நாடுகளின் சட்டங்களும் அனுமதிக்கின்றன. பின்னே அமர்ந்திருக்கும் பயணிகள் இதனை அறிந்தால் திடுக்கிடுவர். ஆயின் அவ்விமானி அவ்விமானத்தைப் பலமுறை தரையிலிருந்து எழுப்பியிருக்கின்றார், பலமுறை இறக்கியிருக்கின்றார், அதன் எஞ்சின் தீப்பற்றக் கண்டிருக்கின்றார், மூடுபனியிலும் புயலிலும் அதனைச் செலுத்தியிருக்கின்றார். அவை யாவும் ஒரு மண்டபத்தினுள்ளே, தரையைவிட்டு நீங்காத ஒரு பெட்டியினுள்ளே நிகழ்ந்தவை. அப்பெட்டியைச் சிமுலேற்றர் என்பர். பறப்புப் பயிற்சிப் பொறி என்று தமிழிற் கூறலாம்.

வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்பொறி அழகிய தோற்றமுடையதன்று. உயர்ந்த கூரையையுடைய மண்டபமொன்றில், ஒரு சிறு வீட்டின் அளவான வெள்ளைப் பெட்டி ஆறு கால்களின்மேல் நிற்கின்றது. சிறகில்லை, வாலில்லை, சில்லுகளும் இல்லை. அதனுட் செல்வதற்கு ஒரு சிறு பாலம் உண்டு. பயிற்சி தொடங்கும்போது அப்பாலம் விலக்கப்படும். உள்ளே காலடி வைத்தவுடன் நிலைமை மாறிவிடுகின்றது. அங்கே இருப்பது உண்மையான விமானமொன்றின் விமானியறை. ஆசனங்கள், மிதிகள், நெம்புகோல்கள், ஆளிகள், விளக்குகள் யாவும் உண்மை விமானத்தில் உள்ளவாறே, அதே இடத்தில், அதே பாரத்துடன் இருக்கின்றன. வேற்றுமை ஒன்றே: விமானிகளுக்குப் பின்னால், ஒரு திரைக்கணினியின் முன், ஆசிரியர் அமர்ந்திருக்கின்றார். காற்று, மழை, இருள், வெப்பம், பழுது ஆகியன எல்லாம் அவருடைய விரல்நுனியில் உள்ளன.

முன்னேயுள்ள கண்ணாடிகளுக்கு வெளியே இரவு நேரத்து விமான நிலையம் ஒன்று தோன்றுகின்றது. ஓடுபாதையின் இருமருங்கிலும் வெண்விளக்குகள் வரிசையாகச் சென்று தொலைவிலே ஒன்றுசேர்கின்றன. இவ்வுருவத்தைக் கணினி ஆக்க, ஒளிவீச்சிகள் திரையில் வீழ்த்துகின்றன. விமானி அத்திரையை நேரே பார்ப்பதில்லை. வளைந்த பெரிய ஆடியொன்றில் அதன் பிரதிபிம்பத்தையே காண்கின்றார். அதனால் சில முழத்தொலைவிலுள்ள காட்சி கண்ணுக்கு நெடுந்தொலைவில் இருப்பதாகவே படுகின்றது. தொலைவிலுள்ள விளக்கைப் பார்க்கும்போது கண் எவ்வாறு தளர்ந்திருக்குமோ அவ்வாறே இங்கும் தளர்ந்திருக்கின்றது.

சரிபார்க்க வேண்டியவற்றை ஒருவர் வாசிக்க மற்றவர் விடையிறுக்கின்றார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலில் ஆசிரியர் அனுமதி வழங்குகின்றார். விமானி நெம்புகோல்களைச் சிறிது முன்னே தள்ளுகின்றார். எஞ்சின்கள் இரண்டும் ஒத்த வேகத்தை அடையும்வரை கணப்பொழுது காத்திருந்து, பின்னர் முழுவதும் தள்ளுகின்றார். இரைச்சல் எழுகின்றது. முதுகு ஆசனத்தில் அழுந்துகின்றது. விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கி ஓடத்தொடங்கிப் பின் இரண்டு ஒளிக்கோடுகளாகின்றன. ஓடுபாதையின் மேடுபள்ளங்களைச் சில்லுகள் தட்டுவதனைக் கால்கள் உணர்கின்றன. துணைவிமானி வேகத்தைக் கூறிக்கொண்டு வருகின்றார்.

அவ்வாறு கூறப்படும் வேகங்களுள் ஒன்று ஏனையவற்றினும் முக்கியமானது. விமானிகள் அதனை ‘வீ-வன்’ என அழைப்பர். தமிழில் அதனைத் தீர்மான வேகம் என்று கூறினால் பொருந்தும். அவ்வேகத்தை எய்துமுன் ஏதேனும் பழுது நேர்ந்தால், தடுப்புக்களைப் பிரயோகித்து எஞ்சியுள்ள ஓடுபாதைக்குள் விமானத்தை நிறுத்திவிடலாம். அதனைக் கடந்தபின் நிறுத்த முடியாது. எஞ்சின் ஒன்று செயலிழந்தாலும் எழுந்தே ஆகவேண்டும். அதுவரை நெம்புகோல்களின்மேல் இருந்த தலைமை விமானியின் கை அவ்வேகம் கூறப்பட்டதும் அவற்றைவிட்டு அகன்றுவிடுகின்றது. இனி நிறுத்தும் எண்ணம் மனத்தில் எழுந்தாலும் கை அதற்கு உடன்படலாகாது என்பதே இவ்வழக்கத்தின் நோக்கம். சில கணங்களில், மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர் வேகத்தில், விமானத்தின் மூக்கு மெல்ல உயர்கின்றது. சில்லுகளின் ஓசை அற்றுப்போகின்றது. நகரத்தின் விளக்குகள் கீழே தாழ்கின்றன.

விமானம் வானேறிவிட்டது. மண்டபத்தில் நிற்பவர்களோ வேறொன்றையே காண்கின்றனர். ஒரு வெள்ளைப் பெட்டி சிறிது முன்னே நகர்ந்து, மெல்லப் பின்புறமாகச் சாய்ந்து நின்றது, அவ்வளவே.

ஓடுபாதையிலே விமானம் வேகங்கொள்வது அரை நிமிடத்துக்கும் மேலாக நீடிக்கின்றது. அக்காலம் முழுவதும் முதுகு ஆசனத்தில் அழுந்திக்கொண்டேயிருத்தல் வேண்டும். பெட்டியின் கால்களோ ஒன்றரை மீற்றர் அளவே நீளவும் குறுகவும் வல்லவை. இவ்விடரைப் பொறியியலாளர் ஒரு தந்திரத்தினால் வென்றனர். நெம்புகோலைத் தள்ளியவுடன் பெட்டி உண்மையாகவே முன்னே பாய்கின்றது. அப்பாய்ச்சல் முடிவதற்குள், உள்ளிருப்பவர் உணராத வண்ணம், ஒரு விநாடிக்கு மூன்று பாகை அளவுக்கு மேற்படாமல், பெட்டி மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சாய்கின்றது. பதினைந்து பாகை சாய்ந்ததும் உடலின் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு ஆசனத்தின் முதுகிற் பொறுக்கின்றது. பயணிகள் விமானம் புறப்படும்போது முதுகில் உணரப்படும் அழுத்தமும் ஏறத்தாழ அதுவே. பெட்டியோடு காட்சித்திரையும் சேர்ந்தே சாய்வதால், கண்ணுக்கு ஓடுபாதை மட்டமாகவே தோன்றுகின்றது. ‘மட்டமான நிலத்தில் விரைகின்றோம்’ என்று கண் கூற, முதுகும் ஆம் என்று சாட்சி சொல்கின்றது.

உடல் இவ்வாறு ஏமாறுவது ஏன்? நம் உட்காதிலே மெல்லிய மயிரிழைகளின்மேல் நுண்ணிய சுண்ணக் கற்கள் படிந்துள்ளன. தலையைப் பின்னே சாய்த்தால் அக்கற்கள் பின்னோக்கிச் சரிகின்றன. தலை நிமிர்ந்திருக்க உடல் முன்னோக்கி விரைந்தாலும் அவை பின்னோக்கியே சரிகின்றன. சரிவு ஒன்று, காரணங்களோ இரண்டு. எக்காரணத்தால் அது விளைந்தது என்பதைக் காது பிரித்தறிய மாட்டாது. இது காதின் குற்றமுமன்று. புவியீர்ப்பினால் விளைவதையும் வேகமாற்றத்தால் விளைவதையும் ஓர் அடைத்த பெட்டிக்குள் இருப்பவன் வேறுபடுத்தியறிய முடியாது என்னும் கருத்தையே 1907ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் தம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொண்டார். பயிற்சிப் பொறியை அமைத்தோர் அவ்வுண்மையைத் தொழிலுக்குப் பயன்படுத்தினர்.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. பயிற்சிப் பொறியில் நன்மை செய்யும் இவ்வேமாற்றம் உண்மை விமானத்தில் உயிரைக் குடிப்பது. பொறியிலே சாய்வு விரைவாகத் தோன்றுகின்றது. வானிலே அது தலைகீழாகின்றது. விரைவு சாய்வாகத் தோன்றுகின்றது. இருண்ட இரவிலே, கடலின்மேல், விளக்கொன்றும் காணாத திசையை நோக்கி ஒரு விமானம் விரைந்தெழும்போது, அதன் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டதாக விமானியின் காது கூறும். அதனை நம்பி அவர் மூக்கைத் தாழ்த்தினால் வேகம் பின்னும் மிகும். வேகம் மிக மிக, மூக்கு இன்னும் உயர்வதாகவே தோன்றும். 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி இரவு, பஹ்ரெயின் விமான நிலையத்தில் இறங்க முயன்று, அதனைக் கைவிட்டு மீண்டும் உயரக் கிளம்பிய விமானமொன்று, சிறிது தூரம் சென்று கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 143 பேரும் மாண்டனர். அவ்விபத்தை ஆராய்ந்தோர் கண்ட காரணங்களுள் இம்மயக்கமும் ஒன்று. விமானத்தில் எஞ்சின் பழுது எதுவும் இருக்கவில்லை. அடிவானங்காட்டியும் உயரமானியும் உண்மையையே கூறிக்கொண்டிருந்தன.

தன் உடல் கூறுவதை நம்பாது கருவி கூறுவதை நம்பவேண்டும் என்பது விமானிக்கு முதலில் வரவேண்டிய பண்பு. அதனைச் சொல்லிக் கொடுக்க இயலாது, பழக்கியே தீரவேண்டும். இதனை முதலில் உணர்ந்து செயலாற்றியவர் விமானத் தொழிலைச் சார்ந்தவரல்லர். இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்.

அவர் பெயர் எட்வின் லிங்க். நியூயோர்க் மாநிலத்திலுள்ள பிங்ஹம்ரன் என்னும் ஊரில் அவருடைய தந்தையார் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். 1920இல், பதினாறு வயதில், எட்வின் லிங்க் தமது முதலாவது பறப்புப் பாடத்துக்காக 50 டொலர் செலுத்தினார். ஆசிரியர் அவரை ஏற்றிக்கொண்டு வானத்திற் கரணமடித்துக் காட்டிவிட்டு இறக்கினார். கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடவும் விடவில்லை. விமானத்தை ஓட்டப் பழகுவதற்கு இதனினும் மலிவானதும் சிறந்ததுமான வழி இல்லையா என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் ஊன்றிற்று. ஓர்கன் என்னும் இசைக்கருவியில் துருத்திகள் காற்றை ஊதக் குழல்கள் ஒலிக்கின்றன. அத்துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே, தொழிற்சாலையின் நிலவறையில், அவர் 1927 தொடக்கம் 1929 வரை உழைத்து ஒரு சிறு விமானத்தை அமைத்தார். குட்டைச் சிறகுகள் பூண்ட அது ஒரு பீடத்தின்மேல் நின்றது. தண்டை அசைத்தால் துருத்திகள் ஊதிச் சுருங்க, அது சரிந்தும் திரும்பியும் முன்பின் சாய்ந்தும் ஆடிற்று.

விமானப் பள்ளிகள் அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதனை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே. சில்லறைக் காசுக்குச் சிறுவர்கள் அதில் ஏறி ஆடினர். ஆசிரியனாய் வரவேண்டிய பொறி திருவிழா இராட்டினமாய் நின்றது.

நிலைமையை மாற்றியது ஒரு துன்பம். 1934ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் தனியார் விமானங்களின் தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அவ்வேலையை இராணுவ விமானப்படையிடம் ஒப்படைத்தது. இராணுவ விமானிகள் துணிவு மிக்கவர்கள். ஆயின் கருவிகளை மட்டும் நம்பி இரவிலும் மூடுபனியிலும் பறக்கப் பழகாதவர்கள். சில வாரங்களுக்குள் அவர்களுட் பத்துப்பேருக்கு மேல் மாண்டனர். நாடு கொதித்தெழுந்தது. அப்போதுதான் படை அதிகாரிகளுக்கு லிங்கின் பொறி நினைவுக்கு வந்தது. அதனைக் கண்டறிய நியூவார்க் விமான நிலையத்தில் அவர்கள் கூடிய நாளில் வானம் மூடிக்கிடந்தது. இவ்வானிலையில் எவரும் வரமாட்டார் என எண்ணி அவர்கள் கலைய ஆயத்தமானபோது, அப்பனியினூடே கருவிகளின் துணைகொண்டு விமானமோட்டி வந்து இறங்கினார் லிங்க். அதன்பின் விளக்கவுரை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒன்று 3,500 டொலர் விலையில் ஆறு பொறிகளை இராணுவம் வாங்கிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏறத்தாழ 10,000 பொறிகள் செய்யப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட விமானப்படையினர் அவற்றிற் பயின்றனர். நீலவர்ணம் பூசிய அவற்றை அவர்கள் ‘நீலப்பெட்டி’ என்று செல்லமாக அழைத்தனர்.

போரின் பின்னர்ப் பயணிகள் விமானங்கள் பெருத்தன. 1948இல் பான் அமெரிக்கன் நிறுவனம், ஸ்ட்ரற்றோகுரூசர் என்னும் பெரிய விமானத்துக்கெனத் தனியே அமைக்கப்பட்ட பயிற்சிப் பொறியைப் பெற்றது. அது அசையவும் இல்லை. அதற்கு வெளிக்காட்சியும் இல்லை. கருவிகளையும் ஆளிகளையும் கொண்டு ஒழுங்குமுறைகளைப் பழகவே அது பயன்பட்டது. பின்னர், நிலத்தின் சிற்றுருவத்தைப் பலகையில் அமைத்து, அதன்மேல் தொலைக்காட்சிக் கமராவை ஊர்ந்து செல்லவிட்டு, அக்காட்சியை விமானியின் முன் காட்டினர். ஆறு கால்களின்மேல் தாங்கும் அமைப்பைப் பிரித்தானியப் பொறியியலாளரான ஸ்டூவர்ட் 1965இல் ஓர் ஆய்வுரையில் விளக்கினார். மோட்டர்வண்டியின் ரயர்களைச் சோதிப்பதற்கு எரிக் கொஃப் என்பவர் அத்தகைய அமைப்பை அதற்கு முன்னரே கையாண்டிருந்தார். ஆறு கால்களும் வெவ்வேறளவில் நீண்டு குறுகுவதால், முன்பின், மேல்கீழ், இடம்வலம் என நகரவும், மூன்று வகையாகச் சரிந்து திரும்பவும் அப்பெட்டியால் இயலும். இன்றைய பொறிகளும் இக்கால்களின்மேலேயே நிற்கின்றன.

எனினும் நெடுங்காலமாக விமான நிறுவனங்கள் இடர்மிக்க பயிற்சிகளை உண்மை விமானங்களிலேயே நடத்திவந்தன. புறப்படும் வேளையில் ஆசிரியர் வேண்டுமென்றே எஞ்சினொன்றின் வலுவைக் குறைப்பார். மாணவர் அதனைச் சமாளித்தல் வேண்டும். சமாளிக்க இயலாதபோது நிகழ்ந்தது என்ன என்பதற்கு நியூ ஓர்லியன்ஸ் நகர் சாட்சி. 1967ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், நான்கு எஞ்சின்களையுடைய டீசி-8 விமானமொன்று, இரண்டு எஞ்சின்கள் பழுதுற்றதாகப் பாவித்து இறங்கும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. அது கட்டுமீறித் தாழ்ந்து, விமான நிலையத்தின் அருகே வீடுகளின்மீதும் ஒரு தங்குவிடுதியின்மீதும் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 6 பேரும் நிலத்திலிருந்த 13 பேரும் இறந்தனர். நிலத்தில் மாண்டோருள் ஒன்பது பேர் பாடசாலை மாணவிகள். விஸ்கொன்சின் மாநிலத்தின் யூடா என்னும் சிற்றூரிலிருந்து, தங்கள் இறுதி வகுப்பின் கல்விச் சுற்றுலாவுக்காக வந்தவர்கள். அன்றிரவு அவ்விடுதியில் உறங்கிக்கொண்டிருந்த அப்பிள்ளைகளுக்கும் விமானப் பயிற்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஒரு மாணவன் தவறு செய்தல் இயல்பு. தவறு செய்யாமற் கற்பதும் இல்லை. ஆயின் அத்தவறின் விலையை, யூடாவின் பெற்றோர் செலுத்த நேர்ந்தது போல, அயலார் செலுத்தவேண்டிய நிலை நியாயமாகாது. பயிற்சிப் பொறியின் தலையாய பயன் இங்கேதான் விளங்குகின்றது. 1980இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் வகுத்த திட்டத்தினால், உண்மை விமானத்தில் நடந்த பயிற்சிகள் படிப்படியாகப் பொறிக்கு மாறின. இன்று எஞ்சின் பழுதுப் பயிற்சிக்காகப் பெரிய விமானத்தை எவரும் வானில் ஏற்றுவது அரிது.

அப்பயிற்சியைப் பொறியினுள் காண்போம். தீர்மான வேகம் கூறப்படுகின்றது. தலைமை விமானியின் கை நெம்புகோலை விட்டகல்கின்றது. அக்கணத்தில் பின்னாலிருக்கும் ஆசிரியர் திரையைத் தொடுகின்றார். ஓர் அதிர்ச்சி, ஒருபுறத்து எஞ்சினின் ஓசை தேய்கின்றது. செயலிழந்த எஞ்சின் உள்ள பக்கமாக விமானத்தின் மூக்கு திரும்புகின்றது. ஓடுபாதையின் நடுக்கோடு காலடியிலிருந்து விலகுகின்றது. மணி ஒலிக்க, விளக்குகள் சிவக்கின்றன. மறுபுறத்துச் சுக்கான் மிதியை வேண்டிய அளவில், கூடாமலும் குறையாமலும், விமானி அழுத்தவேண்டும். மூக்கை மெல்ல உயர்த்தவேண்டும். சில்லுகளை உள்ளிழுக்கச் செய்யவேண்டும். அதன்பின் அவர் செய்யவேண்டிய அரிய செயல் யாதெனில், சிறிது நேரம் வேறொன்றும் செய்யாதிருத்தல். பழுதுற்ற எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று கை துடிக்கும். அவசரத்தில் நல்ல எஞ்சினை நிறுத்தியோரும் உண்டு. ஆகவே சில நூறு அடி உயரம் எய்தும்வரை விமானத்தைச் செம்மையாகச் செலுத்துவதே கடமை. பழுதைப் பற்றிய ஆராய்ச்சி பின்னர்.

முதன்முறை விமானி தடுமாறுகின்றார். பெட்டி பயங்கரமாகச் சரிகின்றது. ஆசிரியர் ஓர் ஆளியை அழுத்த, உலகம் அப்படியே நின்றுவிடுகின்றது. ஓடுபாதை விளக்குகள் சரிந்த வண்ணமே அசைவற்று நிற்க, எக்கணத்தில் எந்தக் கால் பிந்தியது என்பதை அவர் எடுத்துக் காட்டுகின்றார். மறுபடியும் விமானம் ஓடுபாதையின் தொடக்கத்துக்கு வந்துவிடுகின்றது. ஒருவருக்கும் தீங்கில்லை. இவ்வாறு நான்கு முறை, ஐந்து முறை. பின்னர் எஞ்சின் ஓய்ந்தவுடனே கால் தானாகவே மிதியை நாடுகின்றது.

இவ்வளவு வல்லமை வாய்ந்த பொறிக்கும் எல்லை உண்டு. 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, நியூயோர்க்கின் லா கார்டியா விமான நிலையத்திலிருந்து எழுந்த விமானமொன்று, மூவாயிரம் அடி உயரத்தை எட்டுமுன் வாத்துக்கூட்டமொன்றில் மோதிற்று. எஞ்சின்கள் இரண்டும் ஒருங்கே வலுவிழந்தன. தலைமை விமானி சலன்பேகர்; துணைவிமானி ஸ்கைல்ஸ் அவ்வகை விமானத்துக்கான பயிற்சியை அண்மையிலேதான் முடித்திருந்தார். இரு எஞ்சின்களும் ஓய்வதனைப் பொறியில் அவர்கள் பழகியது மிக்க உயரத்தில் நிகழ்வதாகவே. இவ்வளவு தாழ்வில் அது நேரும் என எவரும் பாடம் அமைத்திருக்கவில்லை. நான்கு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் ஹட்சன் ஆற்றுநீரின்மேல் அவர்கள் விமானத்தை இறக்கினர். 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

பின்னர் எழுந்த வினா ஒன்று: அவர்கள் விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியாதா? புலனாய்வாளர் அவ்வினாவையும் பயிற்சிப் பொறியிடமே கேட்டனர். பறவைகள் மோதிய கணத்திலேயே விமானத்தைத் திருப்பிய விமானிகளுட் சிலர் பொறியில் ஓடுபாதையை அடைந்தனர். ஆனால் நடக்கப்போவது இன்னதென்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். உண்மையில் அக்கணத்தில் இருந்த மனிதருக்கு, நடந்தது யாது என உணரவும், கருவிகளைப் பார்க்கவும், எண்ணித் துணியவும் நேரம் வேண்டும். அதற்கென 35 விநாடி தாமதத்தைச் சேர்த்துச் சோதித்தபோது விமானம் ஓடுபாதையை அடையவில்லை. நகரத்தின் நடுவே வீழ்ந்திருக்கும். ஆற்றைத் தெரிந்தெடுத்த தீர்ப்பு சரியென்று அப்பொறியே சான்று பகர்ந்தது. மனிதன் சிந்திக்கும் நேரத்தைக் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்னும் பாடத்தையும் அது கற்பித்தது.

மற்றோர் எல்லை இதனினும் கொடியது. பொறியானது தன்னுள் அமைக்கப்பட்டதை மட்டுமே கற்பிக்கும். 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி ஜகார்த்தாவிலிருந்தும், 2019ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி அடிஸ் அபாபாவிலிருந்தும் எழுந்த போயிங் 737 மக்ஸ் விமானங்கள் இரண்டு, புறப்பட்ட சில நிமிடங்களில் வீழ்ந்தன. முன்னதில் 189 பேரும் பின்னதில் 157 பேரும் இறந்தனர். உணர்கருவி ஒன்று பிழையான செய்தி கொடுக்க, விமானத்தின் மூக்கைத் தானாகவே தாழ்த்தும் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் இயங்கிற்று. அவ்வமைப்பைப் பற்றி விமானிகளின் கைந்நூலில் முதலில் விளக்கம் எதுவும் இருக்கவில்லை. பழைய 737 விமானத்திலிருந்து புதியதற்கு மாறியோருக்குக் கணினித்திரையிற் படிக்கும் குறுகிய பாடமே போதுமெனக் கருதப்பட்டது. பயிற்சிப் பொறியில் ஏறவேண்டும் என விதிக்கப்படவில்லை. அவ்விமானத்துக்கென அமைத்த பொறியின் கணினி நிரலிலும் குறைகள் இருந்தமையை 2019 மே மாதத்தில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2020 நவம்பரில் அவ்விமானம் மீண்டும் பறக்க அனுமதி பெற்றபோது, விமானிகள் யாவரும் பொறியில் அதற்கான பயிற்சி பெறவேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. அதற்குள் 346 உயிர்கள் போயிருந்தன.

இவ்விரு விபத்துக்களிலும் விமானிகள் சோம்பேறிகளாய் இருந்ததில்லை. இறுதிக் கணம்வரை அவர்கள் தண்டை இழுத்துப் போராடினர். தேர்வில் வரவிருந்த வினாவைப் பாடத்திட்டத்தில் எவரும் சேர்க்கவில்லை. மாணவன் அறியாதவை எல்லாம் மாணவனின் குற்றம் ஆகா. பாடத்தை வகுத்தவரையும், அதனைச் சுருக்கிச் செலவை மிச்சப்படுத்தியவரையும், போதுமென்று கையொப்பமிட்டவரையும் அக்கேள்வி சென்று அடைகின்றது.

ஆதலால் அவ்வெள்ளைப் பெட்டியை வியந்து நிற்பது மட்டும் போதாது. அதனுள் எதை வைத்திருக்கின்றோம், எதை விட்டிருக்கின்றோம் என்பதையும் இடைவிடாது ஆராய்தல் வேண்டும். புதிய விபத்தொன்று நிகழுந்தோறும் அதன் பாடம் பொறியினுள் சேர்க்கப்படுகின்றது. வாத்துக்கூட்டத்தையும், இருண்ட கடலின் மயக்கத்தையும் இன்று ஆசிரியர் தம் திரையில் வரவழைக்கின்றார். மாண்டோரின் அனுபவம் இவ்வாறு வாழ்வோருக்குக் கல்வியாகின்றது.

ஒரு பயிற்சி நேரம் ஏறத்தாழ நான்கு மணி. அது முடிந்ததும் பெட்டி தாழ்ந்து அமைதியாக நிற்க, பாலம் வந்து சேர்கின்றது. கதவு திறக்கின்றது. வெளியே வரும் விமானியின் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். தரையை விட்டு ஓரடியும் நீங்காதவர் என்று அவரைப் பார்த்து எவரும் சொல்லமாட்டார். சில நாட்களில் அவர் உண்மை விமானமொன்றின் ஆசனத்தில் அமர்வார். பின்னால் முதியவர்கள் செபமாலையோடும், குழந்தைகள் சாளரத்தோடும், தாய்மார் பொதிகளோடும் அமர்ந்திருப்பர். தீர்மான வேகம் கூறப்படும். நெம்புகோலிலிருந்து கை அகலும். பெரும்பாலும் அன்று ஒன்றும் நடவாது. விமானம் எழுந்து மேகத்துள் மறையும். நடவாத ஒன்றுக்காக அவர் எத்தனை முறை பழகினார் என்பதைப் பயணிகள் எவரும் அறியப்போவதில்லை.